செத்துப்போன ஃபிளாஷ் பிளேயர்... இன்னும் ஏன் ஹேக்கர்களுக்குப் பயன்படுகிறது?

2024 செப்டம்பர் 17. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, ஒரு பட்டியலைப் புதுப்பித்தது. ஹேக்கர்கள் நிஜமாகவே பயன்படுத்திய பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியல் அது. அன்று அதில் சேர்க்கப்பட்ட நான்கு ஓட்டைகளும் ஒரே மென்பொருளைச் சேர்ந்தவை: அடோபி ஃபிளாஷ் பிளேயர்.

ஃபிளாஷா? அதான் 2020-லேயே முடிஞ்சு போச்சே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி அதைக் கைவிட்டது. பட்டியலில் ஏறிய நான்கு ஓட்டைகளும் அதைவிடப் பழசு. 2013, 2014-ல் கண்டுபிடிக்கப்பட்டு, அப்போதே பேட்ச் போடப்பட்டவை. பத்து வருடத்துக்கு முந்தைய ஓட்டை, கிட்டத்தட்ட நான்கு வருடத்துக்கு முன்பு நிறுத்தப்பட்ட மென்பொருள். ஆனாலும் சிசா அமெரிக்க அரசுத் துறைகளுக்கு மூன்று வாரக் கெடு விதித்தது. இன்னும் யாராவது வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

ஒரு மென்பொருளை அதன் நிறுவனம் நிறுத்திவிட்டால், அதில் இருக்கும் ஓட்டைகளும் முடிந்துவிடும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர் எதிர். அதைப் புரிந்துகொள்ள, 2018-ல் தென் கொரியாவில் நடந்த ஒரு தாக்குதலில் இருந்து தொடங்கலாம்.

ஃபிளாஷ் என்பது என்ன?

கொஞ்சம் ஃபிளாஷ்பேக். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் கேம் விளையாடிய தலைமுறைக்கு இது நன்றாகவே தெரியும். பக்கம் திறந்ததும் ஒரு லோடிங் பட்டை ஓடும், பிறகு கேம் வரும். அதற்குப் பின்னால் இருந்தது ஃபிளாஷ்.

1996-ல் ஒரு சின்ன அனிமேஷன் மென்பொருளாகப் பிறந்து, மேக்ரோமீடியா கைக்குப் போய், 2005-ல் அடோபியிடம் வந்தது. அந்தக் காலத்து பிரவுசர்களால் தாமாகவே வீடியோ ஓட்ட முடியாது. அதற்காக பிரவுசரோடு ஒட்டவைத்த துணை மென்பொருள்தான் பிளக்-இன். 2005-ல் யூடியூப் தொடங்கியபோது அதன் வீடியோக்களும் ஃபிளாஷில்தான் ஓடின.

பிறகு பிரவுசர்களே அந்த வேலைகளைக் கற்றுக்கொண்டன. ஐபோனில் ஃபிளாஷை அனுமதிக்க மாட்டேன் என்று 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையாகவே எழுதினார். பாதுகாப்பும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. 2011-ல் மொபைல் பிரவுசர்களுக்கான ஃபிளாஷை அடோபி நிறுத்தியது. 2015 ஜனவரியில் யூடியூப் எச்டிஎம்எல்5-க்கு மாறியது. 2017 ஜூலை 25-ல் அடோபியே, 2020 இறுதியோடு முடித்துக்கொள்கிறோம் என்று தேதி குறித்தது.

தேதி குறித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அப்போதுதான் தென் கொரியாவிலிருந்து அந்த எச்சரிக்கை வந்தது.

2018 ஜனவரி 31: தென் கொரியாவில் என்ன நடந்தது?

அன்று தென் கொரிய அரசின் இணையப் பாதுகாப்பு முகமை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஃபிளாஷ் பிளேயரில் யாருக்கும் தெரியாத ஓர் ஓட்டையை வைத்து தாக்குதல் நடக்கிறது. இதற்கு இன்னும் பேட்ச் கிடையாது. இப்படி, தயாரித்த நிறுவனமே சரிசெய்வதற்கு முன்பு தாக்குதலுக்குப் பயன்படும் ஓட்டைக்கு 'ஜீரோ டே' என்று பெயர். இதற்குக் கொடுக்கப்பட்ட எண் சிவிஇ-2018-4878.

மறுநாளே தென் கொரியப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் இன்னொரு தகவலைச் சொன்னார். 2017 நவம்பர் நடுப்பகுதியிலிருந்தே இது பயன்பாட்டில் இருக்கிறது, குறிவைக்கப்பட்டவர்கள் வட கொரியா பற்றி ஆய்வு செய்யும் தென் கொரியர்கள் என்றார். சிஸ்கோவின் டாலோஸ் பிரிவு, ஃபயர்ஐ ஆகிய இரண்டும் தனித்தனியாக ஆராய்ந்து, தாங்கள் ஏற்கெனவே கண்காணித்துவந்த ஒரு குழுவின் வேலை இது என்றன. அந்தக் குழு இன்று பரவலாக ஏபிடி37 என்ற பெயரில் அறியப்படுகிறது. வட கொரிய அரசுக்காக இயங்கும் குழு என்பது ஆய்வாளர்களின் முடிவு.

தாக்குதல் வந்த வழிதான் கவனிக்க வேண்டியது. அது வெப்சைட் வழியாக வரவில்லை, ஓர் எக்செல் ஃபைலாக வந்தது. ஃபைலுக்குள் கண்ணுக்கே படாத மாதிரி ஒரு ஃபிளாஷ் துண்டு ஒளிந்திருந்தது. ஃபைலைத் திறந்தால் அந்தத் துண்டு இயங்கும். ஏற்கெனவே ஹேக் செய்யப்பட்ட ஒரு தென் கொரிய இணையதளத்திலிருந்து அடுத்த கட்டத்தை இறக்கும். கடைசியில் 'ரோக்ராட்' என்ற வேவு மென்பொருள் கணினிக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஸ்கிரீன்ஷாட் எடுப்பது, நீங்கள் டைப் செய்வதைப் பதிவு செய்வது எல்லாம் அதன் வேலை. திருடியதை அனுப்ப அது தனி சர்வர் எதையும் தேடுவதில்லை. நாம் எல்லோரும் பயன்படுத்துகிற மாதிரியான கிளவுட் சேமிப்பு சேவைகளையே தபால்பெட்டியாக வைத்துக்கொள்கிறது. பார்ப்பவர்களுக்குச் சந்தேகமே வராது.

2018 பிப்ரவரி 6-ல் அடோபி பேட்ச் கொடுத்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. பேட்ச் வந்த சில வாரங்களிலேயே சாதாரண சைபர் குற்றக் கும்பல்களும் அதே ஓட்டையை வைத்து ஸ்பேம் மெயில்கள் அனுப்ப ஆரம்பித்தன. உளவாளியின் ஆயுதம் பிக்பாக்கெட் கைக்கு வந்த மாதிரி. அப்டேட் செய்யாத கணினி எல்லாம் அவர்களுக்கு இலக்கு.

காலி செய்த அறை, பழைய ரூம் நம்பர்

அந்த ஓட்டை எந்த வகை? தொழில்நுட்பப் பெயர் 'யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ'. விடுவித்த பிறகும் பயன்படுத்துவது. பெயர் கடினமாக இருந்தாலும் விஷயம் எளிதுதான்.

ஒரு லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். 204-ம் அறையில் ஒருவர் தங்கியிருக்கிறார். அவருக்கு வேண்டியதைச் செய்ய ஒரு ரூம் பாய். அவர் கையில் ஒரு துண்டுச்சீட்டு: '204-ல் இருப்பவர் என்ன சொன்னாலும் செய்.' தங்கியவர் காலி செய்துவிட்டுப் போகிறார். ரிசப்ஷனில் அறை காலி என்று எழுதியாகிவிட்டது. ஆனால் ரூம் பாய் கையில் இருக்கும் சீட்டை யாரும் வாங்கிக் கிழிக்கவில்லை.

இது தெரிந்த திருடன் ஒருவன் வந்து, சரியாக அதே 204-ஐ வாடகைக்கு எடுக்கிறான். ரூம் பாய் வழக்கம்போல கதவைத் தட்டி, 'சார், என்ன வேணும்?' என்கிறார். லாக்கர் சாவியை எடுத்துட்டு வா என்கிறான் திருடன். ரூம் பாய் எடுத்து வருகிறார். அவரைப் பொறுத்தவரை சீட்டில் உள்ளபடிதான் நடந்துகொண்டார்.

கணினியில் அறை என்பது மெமரியில் ஓர் இடம். ஒரு புரோகிராம் தேவைப்படும்போது இடம் வாங்கும், முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும். திருப்பிக் கொடுத்த பிறகும் அந்த இடத்தின் முகவரியை எங்கோ ஒரு மூலையில் அழிக்காமல் வைத்திருந்தால், அதுதான் அந்தத் துண்டுச்சீட்டு. ஹேக்கர் தன்னுடைய தரவை அதே இடத்தில் வந்து விழும்படி பார்த்துக்கொள்வார். புரோகிராம் பழைய முகவரிக்குப் போய், அங்கே இருப்பதைத் தன்னுடையது என்று நம்பி இயங்கும். அந்த நொடியில் கட்டுப்பாடு கைமாறிவிடும்.

2018 ஓட்டையில் இது நடந்த இடம், ஃபிளாஷுக்குள் இருந்த 'பிரைம்டைம்' என்ற பகுதி. டிவி சேனல்களின் வீடியோவைக் காப்புரிமைப் பூட்டு போட்டு ஓட்டுவதற்காகச் சேர்க்கப்பட்டது அது. அங்கே நிகழ்வுகளைக் கவனிக்க வைக்கப்படும் ஒரு பொருளை மெமரியிலிருந்து விடுவித்த பிறகும், அதன் முகவரி உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். எக்செல் ஃபைலைத் திறந்த அந்த ஆய்வாளர் டிவி பார்க்கவில்லை. பூட்டுப் போட்ட வீடியோ எதையும் ஓட்டவில்லை. அப்படி ஒரு வசதி தன் கணினியில் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நாம் தொடாத வசதியும், இன்ஸ்டால் ஆகியிருந்தால் போதும், தாக்குபவருக்கு ஒரு கதவுதான். அதே 2018 டிசம்பரில் வெளியான இன்னொரு ஃபிளாஷ் ஜீரோ டேவும் இதே வீடியோ பகுதியில், இதே யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ வகைதான். அந்த முறை அது வேர்ட் ஃபைலில் வந்தது.

பிரவுசர் பிளக்-இன்னுக்கு எக்செல்லில் என்ன வேலை?

நியாயமான கேள்வி. பதில், ஆக்டிவ்எக்ஸ். மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஒரு தொழில்நுட்பம். விண்டோஸில் ஓர் உறுப்பை ஒருமுறை நிறுவினால் இன்டர்நெட் எக்ஸ்புளோரர், வேர்ட், எக்செல் என்று எது வேண்டுமானாலும் அதைக் கூப்பிட்டுப் பயன்படுத்தலாம். எக்ஸ்புளோரருக்கான ஃபிளாஷ் அப்படிப்பட்ட ஓர் உறுப்பு. அதாவது நாம் பிரவுசர் பிளக்-இன் என்று நினைத்தது, உண்மையில் கணினி முழுவதற்கும் பொதுவான ஒன்று. நான் குரோம்தான் யூஸ் பண்றேன், எனக்குக் கவலையில்லை என்பது இங்கே செல்லாது.

தென் கொரியாவில் இந்தச் சிக்கல் கூடுதல். 1990-களின் இறுதியில் வலுவான என்கிரிப்ஷனை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா கட்டுப்பாடு வைத்திருந்தது. அதனால் தென் கொரியா 'சீட்' என்று சொந்தமாக ஒரு முறையை உருவாக்கியது. அதை பிரவுசரில் இயக்க ஆக்டிவ்எக்ஸைப் பிடித்துக்கொண்டது. வங்கி, ஷாப்பிங், அரசு சேவை என எல்லாம் எக்ஸ்புளோரரில்தான் வேலை செய்யும் என்ற நிலை வந்தது. உலகமே எக்ஸ்புளோரரை விட்டு வெளியேறிய பிறகும் தென் கொரியாவால் சுலபமாக வெளியேற முடியவில்லை. ஒரு காலத்தில் பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, இருபது வருடம் கழித்து பலவீனமாகி நின்றது.

எக்செல்லுக்குள் ஃபிளாஷ் என்ற தந்திரமும் 2018-ல் புதிது கிடையாது. 2011 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்எஸ்ஏ நிறுவனம் ஹேக் ஆனது. பெரிய நிறுவனங்களின் லாகின் பாதுகாப்புக்கு டோக்கன்கள் தயாரிக்கும் நிறுவனம் அது. '2011 ஆட்சேர்ப்புத் திட்டம்' என்ற தலைப்பில் ஊழியர்கள் சிலருக்கு மெயில் வந்தது. ஸ்பேம் ஃபோல்டருக்குப் போன அந்த மெயிலை ஓர் ஊழியர் வெளியே எடுத்து, உள்ளே இருந்த எக்செல் ஃபைலைத் திறந்தார். அதற்குள் ஃபிளாஷ். அதில் ஒரு ஜீரோ டே. அந்த வருடம் டோக்கன்களை மாற்றிக்கொடுப்பது போன்ற வேலைகளுக்காக அதன் தாய் நிறுவனம் 6.6 கோடி டாலர் செலவுக் கணக்கு காட்ட வேண்டியிருந்தது.

2011-ல் பார்த்த பாடம் 2018-லும் அப்படியே வேலை செய்தது. ஆஃபீஸ் 365 ஃபைல்களில் ஃபிளாஷை முடக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்ததே 2018 மே மாதத்தில்தான்.

புதைத்தும் போகவில்லை

சொன்னபடி 2020 இறுதியில் அடோபி ஃபிளாஷை நிறுத்தியது. கூடவே ஒரு வேலையும் செய்தது. கடைசிக் காலப் பதிப்புகளுக்குள்ளேயே ஒரு தடையை வைத்தது. 2021 ஜனவரி 12-க்குப் பிறகு அவை எந்த ஃபிளாஷ் பக்கத்தையும் ஓட்டாது. ஒரு நிறுவனம் தன் தயாரிப்பை இப்படிப் பூட்டியது அபூர்வம். நல்ல முடிவும்கூட. ஆனால் மூன்று இடங்களில் இடறியது.

முதல் இடறல், பழைய பதிப்புகள். அந்தத் தடை புதிய பதிப்புகளில்தான் இருந்தது. ஃபிளாஷ் இல்லாமல் வேலை ஓடாது என்றிருந்தவர்கள் என்ன செய்வார்கள்? தடை இல்லாத பழைய பதிப்பைத் தேடிப் போடுவார்கள். சீனாவின் தாலியன் நகர ரயில் பணிமனையில் நடந்தது அதுதான். ஜனவரி 12 அன்று, ரயில் இயக்க விவரங்களைப் பார்க்கும் கணினிப் பக்கங்கள் திறக்கவில்லை. ஊழியர்கள் இரவு பகலாக முயன்று, தடை இல்லாத ஒரு பழைய ஃபிளாஷைப் போட்டு வேலையை மீட்டார்கள். அவர்கள் நிலையில் வேறு வழி இருந்திருக்காது. ஆனால் விளைவைப் பாருங்கள்: எந்தப் பதிப்பில் பேட்ச் குறைவோ, அதுதான் உயிர்பெற்றது.

இரண்டாவது இடறல், மாற்றாமல் தள்ளிப்போட்டவர்கள். தென் ஆப்பிரிக்க வருவாய்த் துறையின் சில வரிப் படிவங்கள் ஃபிளாஷில் இருந்தன. மூன்றரை வருட அவகாசம் இருந்தும் எல்லாவற்றையும் மாற்றி முடிக்கவில்லை. கடைசியில் 2021 ஜனவரியில் அந்தத் துறை, ஃபிளாஷை இயக்குவதற்காகவே சொந்தமாக ஒரு பிரவுசரை வெளியிட்டது. தன் தளத்தின் படிவங்களுக்கு மட்டும் என்று கட்டுப்பாடும் போட்டிருந்தது. ஆனாலும் கைவிடப்பட்ட ஒரு மென்பொருளை, அரசுத் துறையே மக்களின் கணினிக்குள் கொண்டுபோனதுதான் நிஜம்.

மூன்றாவது இடறல்தான் நமக்கு நெருக்கமானது. விண்டோஸிலிருந்து ஃபிளாஷை நீக்க மைக்ரோசாஃப்ட் ஓர் அப்டேட் கொடுத்தது. 2021 ஜூலையில் அது வழக்கமான மாத அப்டேட்டோடு சேர்ந்தே வந்தது. ஆனால் விண்டோஸோடு வந்த ஃபிளாஷைத்தான் அது நீக்கும். நீங்களே தனியாக டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்த ஃபிளாஷைத் தொடாது. அப்டேட் எல்லாம் பக்கா என்று இருப்பவர் கணினியிலும் அது உள்ளே உட்கார்ந்திருக்கலாம்.

புதிய ஓட்டை எதுவும் வரலையே?

இப்படிச் சொல்பவர்கள் உண்டு. ஃபிளாஷ் வாழ்ந்த காலத்தில் அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் பதிவாயின. நிறுத்திய பிறகு செய்தியே இல்லை. அப்போது பாதுகாப்பாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஓட்டைகள் பற்றிய செய்தி எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். ஆய்வாளர்கள் தேடுகிறார்கள், கண்டுபிடித்து நிறுவனத்திடம் சொல்கிறார்கள், நிறுவனம் பேட்ச் போட்டு அறிவிக்கிறது. மென்பொருளை நிறுத்தியதும் இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. பேட்ச் போட ஆள் இல்லாத மென்பொருளில் தேட ஆய்வாளருக்கு ஆர்வம் இருக்காது. கண்டுபிடித்தாலும் சொல்ல ஆள் இல்லை. டாக்டர் இல்லாத ஊரில் நோயாளிகள் கணக்கு பூஜ்யமாகத்தான் இருக்கும்.

தாக்குபவருக்கோ கணக்கு வேறு. ஏற்கெனவே தெரிந்த ஓட்டைகளின் விவரம் எல்லாம் பொதுவெளியில் இருக்கிறது. புதிதாகத் தேட வேண்டிய செலவில்லை. இலக்கின் கணினியில் பழைய உறுப்பு இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. சிசா 2024-ல் பத்து வருடப் பழைய ஓட்டைகளைப் பட்டியலில் ஏற்றியதை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஃபிளாஷ் போனது, எக்ஸ்புளோரர் வந்தது

ஏபிடி37 குழுவுக்குத் திரும்புவோம். ஃபிளாஷ் போன பிறகு அவர்கள் என்ன செய்தார்கள்?

2022 ஜூன் 15-ல் மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை நிறுத்தியது. அதே வருடம் அக்டோபர் இறுதியில் சியோலின் இதேவொன் பகுதியில் ஹாலோவீன் கூட்ட நெரிசலில் ஏராளமானோர் உயிரிழந்தனர். நாடே அதிர்ச்சியில் இருந்தபோது, அந்த விபத்தைப் பற்றிய அரசு அறிக்கை போல ஒரு வேர்ட் ஃபைல் பரவியது. திறந்தால், இணையத்திலிருந்து ஒரு பக்கத்தை இழுக்கும். அந்தப் பக்கத்தைக் காட்ட வேர்ட் யாரைக் கூப்பிட்டது தெரியுமா? நிறுத்தப்பட்ட எக்ஸ்புளோரரின் உள் இயந்திரத்தை. பிரவுசரின் ஐகான் போய்விட்டது, இயந்திரம் விண்டோஸுக்குள்ளேயே இருந்தது. அதில் ஒரு ஜீரோ டே. கண்டுபிடித்தது கூகுள். தாக்கியது ஏபிடி37 என்றது.

2024-ல் மறுபடியும். தென் கொரியாவில் பலரும் பயன்படுத்தும் சில இலவச மென்பொருள்கள், திரையின் மூலையில் சின்னதாக விளம்பரம் காட்டும். அந்த விளம்பரத்தை வரைய உள்ளே வேலை செய்ததும் அதே எக்ஸ்புளோரர் இயந்திரம். தாக்கியவர்கள் விளம்பரம் வரும் வழியிலேயே புகுந்தார்கள். பயனர் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை, விளம்பரம் திரையில் வந்தாலே போதும். அந்த ஓட்டைக்கு 2024 ஆகஸ்டில் பேட்ச் வந்தது. இதையும் ஏபிடி37 கணக்கில்தான் தென் கொரிய ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

2018, 2022, 2024. மூன்றிலும் மெமரியைக் கையாள்வதில் நடந்த பிழைதான் கதவு. மூன்றிலும் அது, மரண தேதி குறித்த அல்லது ஏற்கெனவே நிறுத்திவிட்ட ஒரு மென்பொருளின் உறுப்பில் இருந்தது. அந்த உறுப்பு தன் கணினியில் இயங்குவதைப் பயனரால் பார்க்கவே முடியவில்லை.

அப்போ இப்போது இருக்கும் பிரவுசர்கள் மட்டும் ஒழுங்கா?

ஓட்டை இல்லாமல் இல்லை. 2022 பிப்ரவரியில் குரோமிலேயே ஒரு ஜீரோ டே. வகை, அதே யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ. இருந்த இடம், அனிமேஷன் பகுதி. பயன்படுத்தியவர்கள் வட கொரிய அரசு ஆதரவுக் குழுக்கள் என்றது கூகுள். கதை அப்படியே ஃபிளாஷ் கதை மாதிரிதான். ஆனால் முடிவு வேறு. பிப்ரவரி 10-ல் தெரியவந்தது, 14-ல் பேட்ச் வெளியானது. கோடிக்கணக்கான கணினிகளில் அது தானாகவே போய்ச் சேர்ந்தது.

வித்தியாசம் பிழையில் இல்லை. பிழை வந்தால் திருத்த ஆள் இருக்கிறதா என்பதில் இருக்கிறது.

இந்த வகைப் பிழையையே ஒழிக்க முடியாதா? ஓரளவு முடியும். ஃபிளாஷ், எக்ஸ்புளோரர், குரோம் மூன்றும் பெரும்பாலும் சி++ மொழியில் எழுதப்பட்டவை. அதில் மெமரியை வாங்குவதும் விடுவதும் புரோகிராமர் பொறுப்பு. எங்காவது ஒரு சீட்டைக் கிழிக்க மறந்தால் போச்சு. தாங்கள் வருடந்தோறும் பேட்ச் போடும் ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் மெமரி பிழைகள் என்று 2019-ல் மைக்ரோசாஃப்ட் சொன்னது. குரோமின் தீவிர ஓட்டைகளிலும் சுமார் 70 சதவீதம் இந்த வகை, அதில் பாதி யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ என்று 2020-ல் கூகுள் சொன்னது.

ரஸ்ட் போன்ற புதிய மொழிகள் இதை வேறு விதமாகக் கையாளுகின்றன. காலி செய்த அறையின் முகவரியை யாராவது வைத்திருந்தால், அந்தப் புரோகிராமை உருவாக்கவே கம்பைலர் விடாது. ஆண்ட்ராய்டில் புதிய பகுதிகளை இப்படிப்பட்ட மொழிகளில் எழுதத் தொடங்கிய பிறகு, மொத்த ஓட்டைகளில் மெமரி பிழைகளின் பங்கு 2019-ல் இருந்த 76 சதவீதத்திலிருந்து 2024-ல் 24 சதவீதமாகக் குறைந்தது. இத்தனைக்கும் பழைய கோடை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுதவில்லை. புதிதாக எழுதுவதை மட்டும் மாற்றினார்கள்.

பழைய ஃபிளாஷ் கேம்களைக் காப்பாற்றும் 'ரஃபிள்' என்ற மென்பொருளும் ரஸ்ட் மொழியில்தான் எழுதப்படுகிறது. இன்டர்நெட் ஆர்கைவ் 2020 நவம்பர் முதல் அதை வைத்துத்தான் பழைய ஃபிளாஷ் கேம்களையும் அனிமேஷன்களையும் ஓட்டுகிறது. பிளக்-இன் எதுவும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

* வீட்டிலோ அலுவலகத்திலோ பழைய விண்டோஸ் கணினி இருந்தால், கன்ட்ரோல் பேனலில் இன்ஸ்டால் ஆன மென்பொருள்களின் பட்டியலைப் பாருங்கள். ஃபிளாஷ் பிளேயர் என்று இருந்தால் நீக்கிவிடுங்கள். எதற்கும் இருக்கட்டுமே என்று விடாதீர்கள்.

* எந்த வெப்சைட்டாவது ஃபிளாஷை அப்டேட் செய்யச் சொன்னால், அது பொய். அடோபி இப்போது அதற்கு அப்டேட் எதுவும் கொடுப்பதில்லை. 2017 அக்டோபரில் ரஷ்யா, உக்ரைனில் பரவிய 'பேட் ராபிட்' ரான்சம்வேர் வந்ததே போலி ஃபிளாஷ் இன்ஸ்டாலர் வேடத்தில்தான்.

* போனில் இன்னும் கவனம். ஆண்ட்ராய்டுக்கான ஃபிளாஷை 2012-லேயே பிளே ஸ்டோரிலிருந்து அடோபி எடுத்துவிட்டது. வீடியோ பார்க்க ஃபிளாஷ் பிளேயர் ஆப் தேவை என்று யாராவது ஏபிகே ஃபைல் அனுப்பினால், வங்கிக் கணக்கைக் குறிவைக்கும் மால்வேராக இருக்கலாம். தொடாதீர்கள்.

* மெயிலில் வந்த எக்செல், வேர்ட் ஃபைல்களைத் திறக்கும்போது மேலே மஞ்சள் பட்டை தெரியும். அது புரொடெக்டட் வியூ. 2018-ல் பேட்ச் வரும்வரை அடோபியும் இதைத்தான் பரிந்துரைத்தது. படிக்க மட்டும் என்றால் எடிட்டிங் பட்டனைத் தொடத் தேவையே இல்லை.

* பழைய கேம் ஆசையா? இன்டர்நெட் ஆர்கைவ் பக்கம் போங்கள். தெரியாத தளத்திலிருந்து பழைய ஃபிளாஷை இறக்க வேண்டாம்.

அடுத்த ஃபிளாஷ் எது?

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேராத கணினிகளுக்கு இனி பேட்ச் வராது. நேற்று ஓடிய மாதிரியே இன்றும் ஓடும், ஸ்க்ரீனில் எந்த மாற்றமும் தெரியாது. ஃபிளாஷ் விஷயத்திலும் இப்படித்தான் இருந்தது.

அலுவலகத்தில் புதிய மென்பொருள் வாங்கும்போது விலை, வசதி, சர்வீஸ் எல்லாம் கேட்கிறோம். இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம். இதன் ஆதரவு எந்தத் தேதியில் முடியும்? முடிந்த மறுநாள் எல்லா கணினியிலிருந்தும் இதை எடுக்கும் வேலை யாருடையது? தென் ஆப்பிரிக்க வருவாய்த் துறைக்கு முதல் கேள்வியின் பதில் மூன்றரை வருடம் முன்பே தெரியும். அந்த அவகாசத்துக்குள் படிவங்களை மாற்றி முடிக்கத்தான் முடியவில்லை.